பழைய பிக்கப் வண்டியில் செட், ஸ்பீக்கர் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொலேரோ பிக்கப், டாடா 207, டாடா ஏஸ் என்று பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள் பாட்டு விஷயத்தில் கை வைக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே 12 வோல்ட் வண்டிகளை வைத்துச் சொல்வது. நான் வாட்ஸ் கட்சி இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்து வாங்குகிறவருக்கு நான் சொல்வதில் பாதி பிடிக்காது.

முதலில் எதை மாற்றுவது, செட்டையா ஸ்பீக்கரையா?

ஒயரை. அப்புறம் கதவு (தகரம் அதிராமல் ஷீட் ஒட்டுவது), அதற்கப்புறம் ஸ்பீக்கர், பிறகுதான் செட். ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் கடைசி. கடைக்குப் போனால் இதே வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள், ஏனென்றால் ஒயரில் லாபம் கிடையாது, பளபளக்கிற ஆம்ப்ளிஃபயரில்தான் உண்டு.

செட்டில் 50 வாட் பெருக்கல் 4 என்று போட்டிருக்கிறது, அப்படியானால் 200 வாட் தானே?

இல்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சிப் அந்த வோல்ட்டை அப்படியே முழுசாக ஸ்பீக்கருக்குத் தள்ளினாலும், ஒலி அலையின் வேலைக்கு ஆகும் மதிப்பு அதை 1.414-ஆல் வகுத்தால் வருவதுதான், அதாவது சுமார் 10.2 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 26 வாட். இது தாளில் போட்ட கணக்கு. சிப்பில் கொஞ்சம் வோல்ட் வீணாகும், அதைக் கழித்தால் கரகரப்பு இல்லாமல் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் கிடைக்கும். செட்டின் விலை இரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த சாதாரண செட் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான் இருக்கும். நாலு பக்கமும் நிஜமாகவே 50 வாட் போனால் அந்த ஃபியூஸ் தாங்காது.

ஆனால் 20 வாட் ஒன்றும் கொஞ்சம் இல்லை. மூடிய கேபினில் நல்ல ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

அப்போ ஸ்பீக்கர் வாங்கும்போது எந்த நம்பரைப் பார்ப்பது?

கொட்டை எழுத்தில் இருக்கும் 300 வாட், 400 வாட் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் என்று ஒன்று இருக்கும், அதுதான் தொடர்ந்து தாங்கும் அளவு. அதைவிட முக்கியமானது சென்சிடிவிட்டி, டெசிபலில் போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கூடினால் பாதி வாட்டில் அதே சத்தம் வரும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்து வாங்குகிற சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே கொடுத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் போடப் போவதில்லை என்றால் 90-க்கு மேல் உள்ளதாகத் தேடுங்கள். 500 வாட் ஸ்பீக்கரைச் சாதாரண செட்டில் மாட்டிவிட்டு சத்தமே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. அந்த ஸ்பீக்கரின் கனமான கூம்பை அசைக்கவே அந்தச் செட்டுக்குத் தெம்பு இருக்காது.

வண்டி நிற்கும்போது நன்றாகக் கேட்கிறது, ஓடும்போது பேஸ் காணாமல் போய்விடுகிறது. ஏன்?

பேஸ் எங்கும் போகவில்லை, இன்ஜின் அதை மூடிவிடுகிறது. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் எரியும். 750 ஆர்பிஎம்மில் சும்மா ஓடும்போது அது விநாடிக்கு 25 அதிர்வு, காதுக்கு அவ்வளவாக உறைக்காது. 2500 ஆர்பிஎம்மில் அதுவே 83 அதிர்வு. பேஸ் கிதாரும் தவிலின் தொப்பிப் பக்கமும் இருப்பது அந்த வட்டாரத்தில்தான். அதோடு டயர் சத்தம், பின்னால் காலியாக இருக்கும் சரக்குத் தொட்டி உதறுவது, கண்ணாடி பீடிங் வழியாக வரும் காற்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். இதற்கு வால்யூமை ஏற்றினால் பாடுகிறவர் குரல்தான் காதைக் குத்தும், பேஸ் அங்கேயேதான் நிற்கும். கதவுக் கண்ணாடி ரப்பர் பீடிங்கை மாற்றுவது, தொட்டிக் கதவின் கொண்டி ஆடாமல் ரப்பர் வைப்பது, தரையில் கனமான மேட் போடுவது என்று கொஞ்சச் செலவில் முடிகிற வேலைகள் முதல் பலன் தரும்.

பழைய ஒயரிலேயே புதுச் செட்டை இணைக்கலாமா?

பழைய வண்டியில் இங்கேதான் மோசம் போவார்கள். அந்தக் காலத்து கேசட் செட்டுகள் சிலவற்றில் இரண்டு ஸ்பீக்கரின் நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்து பாடியில் எர்த் ஆகியிருக்கும். இப்போதைய செட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் வரும், எதையும் பாடியில் தொட விடக் கூடாது. தொட்டால், செட் நல்லதாக இருந்தால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், மலிவானதாக இருந்தால் புகை வரும். எனவே ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் புதிதாக இரட்டை ஒயர் இழுத்துவிடுங்கள். 1 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். கதவுக்குள் போகிற இடத்தில் கீல் பக்கத்து ரப்பர் குழாய் வழியாகத்தான் போக வேண்டும், கொஞ்சம் தொய்வும் விட வேண்டும். தகரத்தில் துளை போட்டு ரப்பர் வளையம் இல்லாமல் நுழைத்த ஒயர், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி ஆறு மாதத்தில் அறுபடும்.

ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். சித்திரை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள், இல்லாவிட்டால் அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் கனெக்டர்.

ஒயர் நிறங்கள் என்னென்ன?

செட்டோடு வரும் ஒயரில் பெரும்பாலும் இப்படித்தான்: மஞ்சள் நேராக பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்ட், கறுப்பு எர்த். நீலம் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயரை எழுப்ப. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இந்த நாலிலும் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். இது செட் பக்கத்துக் கதைதான். வண்டி பக்கத்து ஒயரின் நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்த நாலு பேரும் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், அளக்கும்போது மட்டும் மாட்டினால் போதும்.

சாவியை எடுத்ததும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது, அல்லது இரண்டையும் சேர்த்துச் சாவியில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து நேராக பேட்டரியில் கொடுத்திருந்தால் மறக்காது, ஆனால் வண்டி நாலு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடும்.

டேஷ்போர்டில் சின்ன ஓட்டைதான் இருக்கிறது. பெரிய ஸ்கிரீன் போட வெட்டலாமா?

சின்னது சிங்கிள் டின், 180-க்கு 50 மில்லிமீட்டர். பெரியது டபுள் டின், உயரம் இருமடங்கு. பழைய டேஷ்போர்டின் பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கும், வெட்டினால் எங்கே விரியும் என்று தெரியாது. அது போக, அந்த ஓட்டைக்குப் பின்னால் வைப்பர் தண்டும் காற்றுக் குழாயும் ஓடலாம், அதையெல்லாம் பார்க்காமல் ரம்பத்தை எடுக்கிற கடைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள். வேலை வண்டிக்கு சிங்கிள் டின், புளூடூத், யுஎஸ்பி உள்ள செட் போதும் என்பது என் கருத்து. சிடி போடும் வசதி வேண்டாம். செங்கல், மணல் ஏற்றுகிற வண்டியில் அந்த வாய் வழியாகத் தூசிதான் போகும். சிடி இல்லாத செட் ஆழம் குறைவு, பின்னால் ஒயருக்கு இடம் கிடைக்கும். வழி காட்ட போன் இருக்கிறது, அதற்கு ஒரு நல்ல ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவில் என்ன அளவு ஸ்பீக்கர் போகும்?

கதவு பேடை (கதவின் உள்பக்க மூடி) கழற்றிக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு அளந்தால்தான் தெரியும். ஆறரை அங்குல ஸ்பீக்கரின் காந்தம் பின்னால் 60 மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி ஏறியிருக்கும்போது இடம் தாராளமாகத் தெரியும், இறக்கினால் காந்தத்தில் வந்து இடிக்கும். கைப்பிடி சுற்றிக் கண்ணாடி ஏற்றுகிற கதவாக இருந்தால் அந்தச் சுழற்சிக்கும் ஸ்பீக்கர் மூடிக்கும் நடுவில் விரல் போக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழம் போதவில்லை என்றால் நடுவில் ஒரு வளையம் வைத்து ஸ்பீக்கரை வெளியே இழுக்கலாம். அந்த வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பிளைவுட்டும் எம்டிஎஃப் என்கிற மரத்தூள் பலகையும் மழையில் ஊறி உப்பும்.

கதவுக்குள் எப்படி மழை வரும்?

வந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணாடியில் வழிகிற தண்ணீர் வெளிப்பக்க பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியே போகிற மாதிரிதான் கதவையே செய்திருக்கிறார்கள். பேடைக் கழற்றினால் அடித்தகரத்தில் ஒரு விரல் உயரத்துக்குக் காய்ந்த சேற்றுக்கோடு தெரியும். தண்ணீர் நின்ற மட்டம் அது. துளைகள் மண்ணில் அடைத்திருந்தால் ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்குமுன் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பேடுக்கும் தகரத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும், அதைக் கிழித்தெறிகிறவர்கள் அதிகம். அது பேடு ஊறாமல் இருக்க வைத்தது. திரும்ப ஒட்டுங்கள், அல்லது கனமான தாளாகப் புதிதாக ஒட்டுங்கள்.

பழைய வண்டிக்கு வாங்கும் ஸ்பீக்கர் காகிதக் கூம்பாக இல்லாமல் பாலிப்ரோப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்புமாக இருக்கட்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

கதவுத் தகரம் அதிராமல் இருக்க டாம்பிங் ஷீட் ஒட்டுவது வீண் செலவா?

என்னைக் கேட்டால் பழைய பிக்கப்பில் போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தருவது அதுதான். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் அதே அளவு இழுக்கும். இரண்டு அலையும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், முக்கியமாக பேஸில். கதவின் உள்தகரத்தில் கை போகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், அந்த வழியாகத்தான் இரண்டும் சந்திக்கின்றன. அந்த ஓட்டைகளைக் கனமான ஷீட்டால் மூடி, வெளித்தகரத்தின் உள்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்திவிட்டால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் மாதிரி பேசும். ஒட்டுமுன்னும் ஒட்டிய பின்னும் கதவை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். டங் என்று ஒலித்தது டொக் என்று அடங்கும். கதவை மூடும் சத்தமும் மாறும்.

மாடி ஒழுகுவதற்கு ஒட்டுகிற தார் ஷீட்டை ஒட்டாதீர்கள். வெயிலில் நாறும், இளகிக் கழன்று கண்ணாடி இறங்கும் வழியில் விழும். ஸ்பாஞ்சு அடைப்பதும் வேண்டாம், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் மூடிவிடக் கூடாது.

சீட்டுக்குப் பின்னால் ஓவல் பாக்ஸ் வைக்கலாமா?

ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஸ்பீக்கர் பெட்டியை எல்லோரும் வைக்கிறார்கள், பேஸும் வரத்தான் செய்கிறது. எனக்குப் பிடிக்காது. பாடுகிறவர் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்து காதில் கத்துகிற மாதிரி இருக்கும். வைத்தே தீருவேன் என்றால் செட்டில் முன், பின் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரை முன்பக்கம் தள்ளி, பின்னால் இருப்பது கேட்டும் கேட்காமலும் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை போல்ட் போட்டு இறுக்குவது கட்டாயம். சடன் பிரேக் அடித்தால் அது வந்து மோதுவது உங்கள் தலையில்தான்.

இரண்டு ஸ்பீக்கரும் ஓடினால் பேஸ் குறைகிறது, ஒன்றைக் கழற்றினால் கூடுகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ரிமோட்டில் போடுகிற 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, செட் பக்கம் கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு டப் என்று வெளியே குதிக்கும். உள்ளே போனால் மாற்றிப் போடுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் தேவையா?

மேலே சொன்னதெல்லாம் முடித்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு ஆசை அதோடு அடங்கிவிடும். அதன் பிறகும் வேண்டும் என்றால் நாலு சேனல் (நாலு ஸ்பீக்கருக்குத் தனித்தனி வழி), சேனலுக்கு 50, 60 வாட் ஆர்எம்எஸ் உள்ள கிளாஸ் டி வகையைப் பாருங்கள், சூடும் கம்மி, கரண்டும் கம்மி. நாலு சேனலும் முழு வீச்சில் 60 வாட் கொடுத்தால் 22 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், பாட்டில் எப்போதும் அவ்வளவு போகாது. ஆனால் ராத்திரியில் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஓடும்போது இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருகிற பழைய ஆல்டர்னேட்டர் திணறும். அதன் மேல் பொறித்திருக்கும் ஆம்பியரைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேட்டரியிலிருந்து தனியாக 8 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். இந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற இல்லை, ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. கிட் என்று விற்கும் ஒயர்களில் நிறைய அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமனில் அது செம்பு அளவுக்குக் கரண்ட் கடத்தாது.

சீட்டுக்கு அடியில், பேஸுக்கென்றே இருக்கிற வூஃபர் ஸ்பீக்கர் வைக்கலாமா?

பொலேரோ பிக்கப் மாதிரி இன்ஜின் முன்னால் இருக்கிற வண்டியில், சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ உயரம் அளந்து, தனக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள தட்டையான 8 அங்குல வூஃபர் வைக்கலாம். கதவு ஸ்பீக்கருக்கு 80 அதிர்வுக்குக் கீழே போகாமல் செட்டில் ஹை பாஸ் போட்டுவிட்டால் அவையும் சுத்தமாகப் பாடும். டாடா ஏஸில் சீட்டுக்கு அடியில் இருப்பதே இன்ஜின், அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் ஊய்ங் என்று கூடவே ஏறுகிறது.

ஆல்டர்னேட்டர் சத்தம். முதலில் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஆக்ஸ் ஒயரில் பாட்டு, அதே போனுக்குச் சார்ஜ் என்று இருந்தால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி இந்தச் சத்தம் வரும். அதற்குக் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்ன டப்பா கிடைக்கும். இல்லாவிட்டால் புளூடூத்துக்கு மாறிவிடுங்கள். சார்ஜர் இல்லாமலும் வந்தால் செட்டின் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். வெறும் தகரம் தெரியும்வரை சுரண்டி, வட்ட முனை போட்டு இறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற பின்னல் பட்டை பழைய வண்டியில் பச்சை பூத்துப் போயிருக்கும், அதை மாற்றினால் செல்ஃப் ஸ்டார்ட்டரும் சுறுசுறுப்பாகும்.

எஃப்எம் சரியாக எடுக்கவில்லை.

மூன்று காரணம் இருக்கலாம். ஏரியல் அடியில் துருப்பிடித்து எர்த் போயிருக்கும், மாற்றினால் சரி. உள்ளே பூஸ்டர் உள்ள ஏரியலாக இருந்தால் நீல ஒயரைக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். மூன்றாவது செட்டின் ஊர் செட்டிங். அமெரிக்கா என்று வைத்திருந்தால் அது 101.3, 101.5 என்று ஒற்றைப்படையாகத்தான் தாவும், சென்னையில் 101.4, 106.4 இரண்டும் அதில் சரியாக உட்காராது. மெனுவில் ஐரோப்பா அல்லது ஆசியாவுக்கு மாற்றுங்கள். ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய செட் மலிவாகக் கிடைத்தால் ஏமாறாதீர்கள், அந்தச் செட்டில் எஃப்எம் 76-லிருந்து 90 வரைதான், நம்முடையது 108 வரை போகிறது.

64 ஜிபி பென் டிரைவைச் செட் படிக்க மாட்டேன் என்கிறது.

அது எக்ஸ்ஃபேட் என்கிற ஃபார்மட்டில் வந்திருக்கும், பல செட்டுக்கு அது புரியாது. ஃபேட் 32-க்கு ஃபார்மட் செய்யுங்கள், அல்லது 32 ஜிபி வாங்கிக்கொள்ளுங்கள்.

லாரியிலிருந்து கழற்றிய செட் நன்றாக இருக்கிறது, போடலாமா?

பெரிய லாரிகளில் 24 வோல்ட். அந்தச் செட் 12 வோல்ட்டில் உயிர் வராது. 12 வோல்ட் செட்டை நேராக லாரியில் மாட்டினால் அதன் உயிர் போய்விடும்.

தொட்டியில் குழாய் ஸ்பீக்கர் கட்டலாமா?

அது வேறு தொழில், வேறு ஆம்ப்ளிஃபயர். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் போடக் கூடாது.

கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஆயிரம் ஒயருக்கும் ஃபியூஸுக்கும் கனெக்டருக்கும். இரண்டாயிரம் டாம்பிங் ஷீட்டுக்கு. மூவாயிரத்தைந்நூறு கதவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர். மீதியில் செட்டும் அதையெல்லாம் மாட்டுகிற கூலியும். பின்னால் ஸ்பீக்கர் வேண்டாம். நாலு சுமாரான ஸ்பீக்கரைவிட இரண்டு நல்லது மேல். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறி இறங்கிக் காதால் கேட்டு வாங்கலாம், பழைய டேஷ்போர்டு மூடியும் கதவு பேடும் புதுப்பேட்டையில் தேடலாம். கேட்கும்போது கடைக்காரர் போடுகிற பாட்டை விட்டுவிட்டு உங்கள் போனில் தினமும் கேட்கிற பாட்டைப் போடச் சொல்லுங்கள். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் சைபரில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

வண்டியை விற்கும்போது கழற்றிக்கொள்ளலாமா?

ஒயரை வெட்டாமல் கனெக்டர் வைத்து மாட்டியிருந்தால் அரை நாள் வேலை. பழைய செட்டையும் கழற்றின ஸ்க்ரூக்களையும் ஒரு கவரில் கட்டி வீட்டில் வைத்திருங்கள். டாம்பிங் ஷீட்டை மட்டும் உரிக்கப் போகாதீர்கள், அது வராது. வாங்குகிறவரிடம் கதவைத் தட்டிக் காட்டி அதற்கும் சேர்த்து விலை கேளுங்கள்.